மைனியும் என் வலது காலும்

ஜூன் 3

இன்று ஒரு இளவட்டம் என் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். ஜெபம் செய்கிறான் என்று நினைத்து நானும் தலையைக் குனிந்தேன். பெயர் இசக்கியப்பன், ரத்தக்குழாய் டாக்டர். மீசை வைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காத முகம்.

"பாதத்துல நாடி கெடைக்கல டீச்சர்."

"கையில பாருங்க, அங்க இருக்கும்" என்றேன். சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் படிப்பில் அதெல்லாம் சொல்லிக்கொடுப்பதில்லை போலும்.

விஷயம் இதுதான். சில மாதங்களாகவே நடந்தால் வலது கெண்டைக்காலை யாரோ பிழிகிற மாதிரி வலிக்கிறது. நின்றால் சரியாகிவிடும். திரும்ப நடந்தால் திரும்பப் பிழியும். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, புது பாதிரி ஐயரின் பிரசங்கம் நீளம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவுமில்லை.

படம் எடுத்துப் பார்த்ததில் தொடையில் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக் கிடக்கிறது. சர்க்கரையின் கைங்கரியம். இசக்கியப்பன் ஒரு தாளில் வரைந்து காட்டினான்.

"பெரிய குழாய் மூடிக்கிச்சு. ஆனா பக்கத்துல சின்னச் சின்னக் குழாய் நெறைய இருக்கு. ரத்தம் இப்ப அது வழியாத்தான் சுத்திப் போவுது. நீங்க நடந்தா தசை ரத்தம் கேக்கும், சின்னக் குழாய்ல ஓட்டம் கூடும். ஓட்டம் உள்சுவர்ல ஒரசும். வாரக்கணக்கா அப்படி ஒரசிட்டே இருந்தா அந்தச் சுவர் தன்னைத்தானே பிரிச்சு அகலமாக் கட்டிக்கும்."

"நடக்காட்டா?"

"ஓட்டம் கொறஞ்ச குழாய் சுருங்கிக்கும். இதுவும் அது தானாச் செஞ்சுக்கிறதுதான்."

எங்கள் தெருவில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து அகலப்படுத்துகிறார்கள். என் தொடைக்குள் டெண்டர் விடாமல், கல் நடாமல் வேலை நடக்குமாம். நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்ல மாட்டேன். மூணு மாசம் பாப்போம். நல்லா வலிக்கிற வரைக்கும் நடக்கணும். நின்னு வலி போனதும் மறுபடி நடக்கணும். இல்லன்னா ஆபரேஷன்."

அதுவும் சரிவராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு விடை தெரியும். அண்ணன் கதையை இங்கே எழுதப் போவதில்லை.

வெளியே பெஞ்சில் மைனி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மனைவி, அன்னபாக்கியம். அண்ணன் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் மகள் பெனினா கட்டிக்கொடுத்துக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பி.டி. டீச்சர் விசில் ஊதினால் நிற்கிற ஆண்பிள்ளை அமையவில்லை.

"என்னட்டி சொன்னான்?"

"நடக்கச் சொன்னான்."

"அதுக்கு எதுக்கு டாக்டரு? நான் சொன்னா கேக்க மாட்டியே."

ஜூன் 9

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பெண்பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்ட ஜெபசீலி டீச்சராகிய நான் இன்று மருந்துக்கடை வரை போக முடியாமல் நின்றேன். பிடித்துக்கொள்ள ஒரு மின்கம்பம் கிடைத்தது. அதில் ஒரு அரசியல்வாதி என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தால் மைனி. இடுப்பில் நீல பிளாஸ்டிக் ஸ்டூல்.

"இதுல இரி."

"மைனி, மானத்த வாங்காதிய. எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

"ஒன் மானம் எனக்கு எதுக்கு? இரின்னா இரி."

நடுத்தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். என்னிடம் படித்த மூன்று பெண்கள் அந்த வழியாகப் போனார்கள். மூவரும் "குட்மார்னிங் டீச்சர்" சொன்னார்கள். ஒருத்தி மட்டும் தாண்டிப்போய்ச் சிரித்தாள். அவள் அன்றைக்கே உயரம் தாண்டுவதில் ஏமாற்றுக்காரி.

ஜூன் 10

வலித்தது. உளுந்து ஊறப்போட மறந்தாயிற்று. இரண்டுக்கும் மைனி திட்டினாள்.

ஜூன் 18

தெருவுக்கு இப்போது நாங்கள்தான் சினிமா. நான் முன்னால், மைனி பின்னால், ஸ்டூல் நடுவில். மாவுமில்காரர், "டீச்சர், சப்பரம் நம்ம வாசல்ல நிக்குமா?" என்று கேட்டார். மைனி அவருக்குச் சொன்ன பதிலை இதில் எழுத முடியாது.

மீன் குழம்பில் இன்றும் புளி அதிகம். சொன்னேன். சாப்பிட்ட தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 25

மைனிக்கு முட்டுவலி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கறைதான். இனிமேல் தனியாக நடக்கிறேன்.

மார்க்கெட் பக்கம் நன்னாரி சர்பத் நன்றாகப் போடுகிறான்.

ஜூலை 2

இசக்கியப்பன் கணுக்காலில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பார்த்தான். கையில் இருக்கிற அழுத்தத்தில் பாதிதான் காலில் இருக்கிறதாம். முன்பு இருந்த அதே அளவு.

"தினமும் நடக்கிறீங்கதானே டீச்சர்?"

"மார்க்கெட் வரைக்கும்" என்றேன். மார்க்கெட் வரை தினமும் போவது உண்மை.

ரத்தத்தில் சர்க்கரையும் ஏன் ஏறியிருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. படித்த பையன், யோசித்துக் கண்டுபிடிக்கட்டும்.

ஜூலை 6

காலையில் வாசலில் ஹாரன் சத்தம். மைனி போய்ப் பார்த்தாள். ஆட்டோக்காரர் குமரேசன்.

"டீச்சர் இன்னைக்கும் சர்பத் கடைக்கு வருதாவளா? இல்ல, வேற சவாரி இருக்கு, அதான் கேட்டுட்டுப் போலாம்னு."

இந்த ஊரில் ஒரு மனுஷனுக்கு எங்கே வாயைத் திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்று தெரிவதில்லை.

மைனி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து நானும் தயாராக நின்றேன். போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்க அண்ணனும் இப்படித்தான் என்ட்ட சொன்னாவ. நடந்துட்டேன், மாத்திரை போட்டுட்டேன், காலு நல்லா இருக்குன்னு. நான் நம்பிட்டுச் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். செருப்பக் கழட்டுனப்பதான் தெரிஞ்சுது. நீயும் அதையே சொல்லணும்னா சொல்லு. ஆனா நான் ரெண்டாவது தடவ பாக்க மாட்டேன். பெனினா வீட்டுக்குப் போயிருவேன்."

பிறகு எழுந்து போய்த் தேங்காய் துருவினாள். துருவுகிற சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

ஜூலை 7

நடந்தேன். மருந்துக்கடைக்கு முன்னால் ஒரு தடவை நின்றேன், கடையைத் தாண்டி ஒரு தடவை. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஸ்டூல் பின்னாலேயே வந்தது. இரண்டு தடவையும் அதில் உட்கார்ந்தேன்.

ஜூலை 15

மாவுமில். போகும்போது நின்றேன், வரும்போது நின்றேன். மாவுமில்காரர் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

ஜூலை 20

பழைய செருப்பை எறிந்துவிட்டு விளையாட்டு ஷூ வாங்கினேன். கடைக்காரன் ஒரு அளவு பெரிதாக வாங்கச் சொன்னான். என் கால் அளவு எனக்குத் தெரியாதா?

ஜூலை 24

சுண்டுவிரலில் கொப்புளம். உடைந்துவிட்டது. வலிக்கவே இல்லை. அதனால்தான் கவனிக்கவில்லை.

மைனியிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 27

விரல் கறுத்த மாதிரி இருக்கிறது. இசக்கியப்பன் இன்று டீச்சர் டீச்சர் என்று நிறையத் தடவை சொன்னான். அது எனக்குப் பிடிக்கவில்லை. நடப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டான். மருந்து, தினமும் கட்டு. ஒரு வாரத்தில் புண் உயிர்பிடிக்காவிட்டால் ஆபரேஷன், விரலைப் பற்றி அப்போது யோசிப்போம் என்றான். விரலை வைத்துக்கொண்டு யோசிக்க அவனுக்கு என்ன இருக்கிறது? விரல் என்னுடையது.

கட்டு மாற்ற நர்ஸ் வேண்டாம் என்று மைனி சொல்லிவிட்டாள். இன்று மாலை அவள்தான் கழுவினாள். கழற்றிய துணியை எறிவதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாத்தம் இல்ல" என்றாள்.

எழுத மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனாலும் எழுதுகிறேன். எபநேசர் அண்ணனுக்கும் சுண்டுவிரலில்தான் ஆரம்பித்தது. பிறகு பாதி பாதம், பிறகு முழங்கால். பிறகு வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முழுசாகக் கொண்டுவந்தோம் என்று சொல்ல முடியாது. அந்த வேனில் மைனி இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஒன்றுமே இல்லாமல்.

ஜூலை 30

"நாத்தம் இல்ல."

ஆகஸ்ட் 1

"இல்ல."

கோயிலில் இருந்து ஜெபிக்க வந்தார்கள். என் காலைப் பார்த்துக்கொண்டே, எபநேசர் அண்ணன் எவ்வளவு நல்ல மனுஷன் என்று பேசினார்கள். மைனி காபி கொடுக்காமலே அனுப்பிவிட்டாள். மைனியிடம் எனக்குப் பிடித்த விஷயங்கள் சிலவும் உண்டு.

ஆகஸ்ட் 4

ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிகிறது. சீழ் என்று நினைத்துப் பயந்தேன். இசக்கியப்பன் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தான்.

"இது புதுச் சதை டீச்சர். ரத்தம் வருது. எப்படியோ வழி கண்டுபிடிச்சு வருது."

மைனி வெளியே போய் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டு, "ஒரே டெட்டால் வாட" என்றாள்.

ஆகஸ்ட் 22

புண் மூடிவிட்டது. ஒரு அளவு பெரிய ஷூ வாங்கினேன். கடைக்காரன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சொல்லாத விதம் சரியில்லை. நாளையிலிருந்து நடை.

செப்டம்பர் 5

தண்ணீர்த் தொட்டி வரை போய் ஒரே ஒரு தடவை நின்றேன். ஆசிரியர் தினமாம், பழைய மாணவிகள் கேக் கொண்டுவந்தார்கள். மைனி அதை அப்படியே எடுத்து மாவுமில்காரருக்குக் கொடுத்துவிட்டாள். சர்க்கரை இல்லாத பிஸ்கட் ஒன்று எனக்குக் கிடைத்தது. அட்டையைத் தின்றிருக்கலாம்.

செப்டம்பர் 9

பெனினா போன் செய்தாள். ரெண்டாவது பிரசவம், அக்டோபர் கடைசியில். மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம், அதனால் இங்கே வர முடியாது. "அம்மா வந்து இங்கயே இருந்துரட்டும் அத்த. உங்களுக்குத்தான் கால் சரியாயிட்டுல்லா?" என்று என்னிடமே கேட்டாள்.

மைனி போனை வாங்கி, "அத்தைக்குக் காலு முழுசாச் சரியாவட்டும். அப்புறம் பாப்போம்" என்றாள்.

செப்டம்பர் 11

வலி திரும்ப வந்துவிட்டது. மாவுமில் வரைகூடப் போக முடியவில்லை.

செப்டம்பர் 16

வலி அதிகம். மைனி மீன் குழம்பு வைத்தாள். புளி சரியாக இருந்தது. சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

செப்டம்பர் 20

ஞாயிறுதோறும் வெயில் சாய்ந்த பிறகு மைனி பெனினாவுக்குப் போன் செய்கிற நேரத்தில், நான் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். சும்மா காற்றாட. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். தெருமுனை வந்ததும்தான் வலி ஞாபகம் வந்தது. அங்கிருந்து நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மைனி வாசலில் நின்று என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று தெரியவில்லை.

அக்டோபர் 1

தனியாகவே டாக்டரிடம் போனேன். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். பெரிய குழாயில் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. நூலிழை கூட நகரவில்லை. ஆனால் அதைச் சுற்றி, முன்பு தலைமுடி மாதிரி தெரிந்தவை இப்போது கொடி மாதிரி வளைந்து வளைந்து தடிமனாக ஓடுகின்றன. அடைப்புக்கு மேலே கிளம்பி, கீழே போய்ச் சேர்ந்துகொள்கின்றன. கணுக்கால் அழுத்தமும் நன்றாக ஏறியிருக்கிறது.

"இதெல்லாம் நீங்க கட்டுனது டீச்சர்" என்றான்.

முப்பது வருஷத்தில் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. மீசை வைத்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"நடையை மட்டும் விட்டுறாதீங்க. ஓட்டம் நின்னா திரும்பச் சுருங்கிரும்."

வீட்டில் மைனி கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டுமாம் என்றேன்.

"அப்படியா" என்றாள்.

அக்டோபர் 8

பெனினாவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சீக்கிரமே பிள்ளையை எடுத்தாலும் எடுப்பார்களாம். மூத்தவன் பக்கத்து வீட்டில் இருக்கிறான். மைனி ஜெபம் செய்தாள், பை எடுத்து வைத்தாள், பிறகு அதைப் பிரித்தாள், மறுபடி எடுத்து வைத்தாள். எனக்குச் சாப்பாட்டுக்கு யார், மாத்திரைக்கு யார் என்று தெருவில் நான்கு வீட்டில் ஏற்பாடு செய்தாள். நான் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 9

காலையிலேயே குமரேசன் ஆட்டோவில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். நான் நொண்டிக்கொண்டே கூடப் போனேன். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் மைனிக்கு இடம் கிடைத்தது. பையை மேலே வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றேன்.

மைனி என்னைப் பார்த்தாள், டிரைவர் சீட்டைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள்.

"மருந்து ராத்திரிக்கு ரெண்டு. மறந்துராத."

"சரி."

"காலக் கழுவுனா வெரலிடுக்கத் தொட."

"சரி மைனி."

"இந்தக் கால வச்சுக்கிட்டு நீ தனியா எப்படிட்டி இருப்ப?"

மைனி எழுந்துவிட்டாள். மேலே கையை விட்டுப் பையை இழுத்தாள். "அவளுக்கு மாமியாகாரி இருக்கா, அவ வரட்டும்" என்றாள். பெனினாவின் மாமியார் செத்து நான்கு வருஷம் ஆகிறது.

வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், மைனி இறங்கிவிடுவாள். வீட்டுக்குப் போயிருக்கலாம். மத்தியானம் மீன் வாங்கியிருக்கலாம்.

"மைனி, இங்க பாருங்க" என்றேன்.

பஸ்ஸின் மூக்கிலிருந்து கிளம்பி, பஸ் ஸ்டாண்டின் கடைசியில் இருக்கிற கழிப்பறை வரை நடந்தேன். நிமிர்ந்து, கையை வீசி, அணிவகுப்பில் நடக்கிற மாதிரி. திரும்பி வந்தேன். எங்கும் நிற்கவில்லை. நொண்டவும் இல்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி என்னையே பார்த்தார்.

மைனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தெரியும்ட்டி."

"எப்ப இருந்து?"

"நோவு வலது கால்ல. நீ எடது கால நொண்டிக்கிட்டு வந்த பாரு, அன்னைக்கே."

"தெரிஞ்சும் ஏன் போவல?"

"நீ போன்னு சொல்லலியே" என்றாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். நான் ஊதியிருந்தால் இன்னும் சுத்தமாக இருந்திருக்கும். பஸ் கிளம்பிவிட்டது.

குமரேசன் கூப்பிட்டும் ஆட்டோவில் ஏறவில்லை. நடந்தேன். வெளியே பூக்கடைக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. பூக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"என்னக்கா, அழுதிய? காலு வலிக்கா?"

"ஆமா" என்றேன். "கால்தான்."

அக்டோபர் 12

பெண் குழந்தை. பெனினா பிழைத்துக்கொண்டாள். மைனி போனில் அதைச் சொல்லி, மேற்கொண்டு ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டாள். அந்த வார்த்தை, "நடந்தியா?"

அக்டோபர் 19

மீன் குழம்பு நானே வைத்தேன். புளி அதிகமாகிவிட்டது.

அக்டோபர் 27

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். யாரும் கூப்பிடவில்லை. யோசித்துப் பார்த்தால் நானும் யாரையும் போகச் சொன்னதில்லை, இரு என்றும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. வீட்டைப் பூட்டி, சாவியை மாவுமில்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பெனினா வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் கருப்பட்டி போட்ட ஓலைக்கொட்டான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் பிடித்துக்கொண்டது. நல்ல வலிதான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். காய்கறிப் பையோடு இறங்கி வந்த ஒருத்தர், "ஏனுங்க, யாரையாச்சும் கூப்புடட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாம்யா. உள்ள வேல நடக்குது" என்றேன்.

அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். வலி அடங்கியதும் மீதிப் படியை ஏறினேன். மணியை அடித்தேன்.

மைனி கதவைத் திறந்தாள். தோளில் ஒரு துணி, துணிமேல் ஒரு பொடிசு, தூக்கம். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் இரண்டு காலையும் பார்த்தாள், முதலில் வலதை.

"ஷூவ வெளிய கழத்து" என்றாள். "பிள்ள தூங்குது."